இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்

பெயர்: மேரி ஜெஸிந்தாள்.
ஊர்: களியக்காவிளை.
தொழில் என்ற இடத்தில்
அஞ்சலகச் சேமிப்பு முகவர் என்று எழுதி,
அடித்து,
பாடல் என்று எழுதினேன்.
அடித்த இடத்தில் கையெழுத்து இல்லையென்று
வரைவோலையோடு திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாம் தடவை சேர்த்துக்கொண்டார்கள்.
இணை உறுப்பினர்.
அட்டை வந்தது. ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது,
அடியில் ஒரு வரி:
கலந்துகொள்ளலாம், வாக்களிக்க இயலாது.
சொல்லைக் கொடுத்து உள்ளே வந்தவளுக்கு
வாக்கு இல்லை.

குழித்துறையில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன்.
கை தூக்கியவர்களின் கக்கங்களைப் பார்த்தபடி
பின்வரிசையில் நான்கு மணி நேரம்.
வானொலிக்கு இவ்வளவு, மேடைக்கு இவ்வளவு என்று
பங்கு பிரித்தார்கள்.
திருமண மண்டபம் கடைசி.
அதில்தான் எனக்க பாட்டு.

பெண் உள்ளே வரும்போது போடுவது.
களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் என் சொல்லில்.
பாறசாலைக்கு அந்தப் பக்கம்
யாரோ மலையாளத்தில் மாற்றிய சொல்லில்.
மெட்டு அதே மெட்டு,
பெண் நடக்கும் வேகமும் அதே வேகம்.
சங்கத்துப் பதிவேட்டில்
"மரபுப் பாடல், இயற்றியவர் அறியப்படவில்லை."

மார்த்தாண்டத்து ஸ்டுடியோ ரசீதைத் தேடியெடுத்தேன்,
மூன்று மணி நேரம், கீபோர்டு உட்பட.
இன்ஷூரன்ஸ் பாலிசிக்கும்
மகனின் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் இருந்தது.
வக்கீல் முத்திரை குத்தினார்.
அறியப்பட்டேன்.

ஆனாலும் விதி ஒன்று இருந்தது.
மூன்று வருடத்தில் ஐயாயிரம் சேர்ந்தால்தான்
முழு உறுப்பினர், அப்போதுதான் வாக்கு.
என் கணக்கில் நாலாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு.
வருடம் முடிய ஐந்து மாதம்.

உரிமக்காரப் பையன் பைக்கில் வந்தான், மழை நேரம்.
இந்தப் பக்கம் கட்டணம் கட்டாத மண்டபம்
எதெல்லாம் அக்கா என்றான்.
ஆறு சொன்னேன்.
சாயாவில் ஆடை படிந்துவிட்டது.
அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு
ஏழாவதையும் சொன்னேன்:
சாலேம் மகால், படந்தாலுமூடு.
உரிமையாளர் ஜஸ்டஸ்.
என் கூடப்பிறந்தவர் என்று
அவன் நோட்டில் எழுதுவதற்குக் கட்டம் இல்லை.

இரவு போன் வந்தது.
"எனக்க மண்டபத்துல எனக்க தங்கச்சி பாட்டுக்கு
எவனுக்கோ நான் பைசா கெட்டணுமா?"
கெட்டணும்ணே.
"உனக்கு எவ்வளவு வரும் அதுல?"
இருநூறு சொச்சம்.
"நேரா கேட்டிருந்தா ரெண்டாயிரம் தந்திருப்பேனே, பிள்ளே."
தந்திருப்பார்.
மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து
எனக்க தங்கச்சி பாட்டாக்கும் என்று சொன்னவர்தான்.
ஆனால் அண்ணன் கையால் தருவது
சங்கத்துக் கணக்கில் ஏறாது.
இதைச் சொல்லுமுன் வைத்துவிட்டார்.

மார்ச் மாத அறிக்கையில் ஒரு வரி.
சாலேம் மகால், இருநூற்று முப்பத்தொன்று நாற்பது.

வாக்குச்சீட்டில் ஒன்பது பேர்.
ஒருவரையும் தெரியாது.
எட்டாவது ஆள் பிழைப்புக்கு ஆட்டோ ஓட்டுகிறாராம்,
அவருக்குப் போட்டேன்.
மண்டபப் பங்கை உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை தூக்கினேன்.
தூக்கும்போது என் ஜாக்கெட்டின் கக்கத்தில்
தையல் விட்டிருந்தது ஞாபகம் வந்தது.
இறக்கவில்லை.
மை வைப்பார்கள் என்று விரலை நீட்டினேன்.
அதெல்லாம் இங்கே இல்லை என்றார்கள்.

வைகாசியில் சாலேம் மகாலில் ஒரு கல்யாணம்.
பெண் உள்ளே வந்தாள்,
ஏதோ ஒரு பியானோவுக்கு நடந்து.
என் பாட்டு இல்லை.
இது யார் மெட்டு என்று
சவுண்டு செட் பையனிடம் கேட்டேன்.
தெரியாது அக்கா, சும்மா கிடைத்தது என்றான்.
எங்கிருந்து எடுத்தாய், குறித்துக் கொடு என்றேன்.
ஒரு மாதிரிப் பார்த்தான்.

பந்தியில் அண்ணன் என்னைத் தாண்டிப் போனார்,
பேசவில்லை.
பிரதமன் ஊற்றுகிறவனிடம் மட்டும்
அந்த இலைக்கு இன்னொரு கரண்டி என்று
கையைக் காட்டினார்.